எழுதுகிற பிடியில் படம் வரையலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஒரு வருடமாகப் படம் வரைகிறீர்கள். பேனாவைப் பிடிப்பதுபோலவே பென்சிலையும் பிடிக்கிறீர்கள். அப்படிப் பிடிப்பவர் ஓவியரே ஆகமுடியாது என்று ஒரு காணொளியில் யாரோ அடித்துச் சொன்னதைக் கேட்டு, பென்சிலை உள்ளங்கைக்குள் படுக்கவைத்துப் பிடிக்கும் முறைக்கு மாறினீர்கள். மூன்று வாரமாகியும் கோடு நடுங்குகிறது, முகங்கள் முன்பைவிடக் கோணலாக வருகின்றன. "எது சரியான பிடி?" என்று முடித்து, இடதுகைப் பழக்கம் உள்ளவர் என்று கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு இதில் கேட்பது வேறொரு கேள்வி: என் படம் விறைப்பாக இருப்பதற்கு என் பிடிதான் காரணமா? விறைப்புக்குப் பாதிக் காரணம் பிடிதான். முகம் கோணுவதற்குப் பிடி காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. அதற்கு நான் உங்கள் மேசையைத்தான் சந்தேகப்படுவேன்.

பதினெட்டு ஆண்டுகளாகக் கோட்டோவியம் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் முப்பதைத் தாண்டியவர்கள், எழுதி எழுதிக் கை இறுகிப்போனவர்கள். ஆகவே இந்தச் சிக்கல் எனக்குப் பழகியது. ஆனால் நான் மருத்துவன் இல்லை. வலியைப் பற்றிப் பின்னால் சொல்வதை அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிடியைக் கொஞ்சம் மறந்துவிட்டு மூட்டுகளைப் பாருங்கள். கோடு போடும்போது விரல்கள், மணிக்கட்டு, முழங்கை, தோள் ஆகிய நான்கில் ஒன்றோ பலவோ அசைகின்றன. மூட்டு என்பது கதவுக் கீல் மாதிரி. கதவின் கீழ் ஓரம் தரையில் உரசினால் வளைந்த கீறல்தானே விழும்? அதேபோல எந்த மூட்டு தனியாகச் சுழன்றாலும் வட்டத்தின் ஒரு துண்டுதான் தாளில் விழும். மணிக்கட்டிலிருந்து பென்சில் முனை வரை சுமார் 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மணிக்கட்டை மேசையில் ஊன்றி, அதை மட்டும் அசைத்து 10 செ.மீ. நீளத்துக்குக் கோடு போட்டால் அதன் நடுப்பகுதி நேர்கோட்டிலிருந்து 1 செ.மீ.க்கு மேல் விலகிவிடும். முழங்கையை மையமாக்கினால் ஆரம் 35 செ.மீ. அளவுக்குப் போகும், விலகல் 4 மி.மீ.க்குள் அடங்கும். தோளிலிருந்து அசைத்தால் ஆரம் 60 செ.மீ. அளவு, விலகல் வெறும் 2 மி.மீ. தோளும் முழங்கையும் சேர்ந்து அசையும்போது ஒன்றின் வளைவை மற்றொன்று சரிக்கட்டி அந்த 2 மி.மீ.யும் காணாமல் போகும். பள்ளிக்கூட வடிவியல்தான், இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. எந்த மூட்டை வேலை செய்ய விடுவது, எதைக் கட்டிப்போடுவது என்று தீர்மானிப்பதுதான் பிடியின் வேலை. எழுதும் பிடி விரலையும் மணிக்கட்டையும் அவிழ்த்துவிட்டுத் தோளைக் கட்டிப்போடுகிறது. உள்ளங்கைப் பிடியில் இது தலைகீழ்.

எழுதும் பிடியை இழிவாகப் பேசுபவர்கள் ஒரு கண்ணிமையை உள்ளங்கைப் பிடியில் வரைந்து காட்டட்டும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் முனைக்குப் பக்கத்தில் சேர்ந்து, கையின் ஓரம் தாளில் ஊன்றியிருக்கும்போது கிடைக்கும் துல்லியம் வேறெந்தப் பிடியிலும் கிடையாது. சிறிய அளவில், 5 செ.மீ.க்குள் முடிகிற எல்லாவற்றுக்கும் அதுதான் நல்ல பிடி. நெருக்கமாக இழைகோடுகளை அடுக்கி நிழல் கொடுப்பதற்கும் அதேதான். பிடியில் குறை இல்லை, அதை ஏ3 அளவுள்ள பெரிய தாளில் ஒரு முழு உருவத்தை அமைக்கும்போதும் விடாமல் வைத்திருப்பதில்தான் குறை. விரல் எட்டும் தூரம் கொஞ்சம்தான். அதனால் நீளமான தோள்கோட்டை நீங்கள் துண்டு துண்டாக, மயிர்மயிராக ஒட்டிக்கொண்டு போகிறீர்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அதுதான் விறைப்பாகத் தெரிகிறது. இன்னொன்று அழுத்தம். எழுதிப் பழகிய கை தன்னையறியாமல் அழுத்தும். தாளில் பள்ளம் விழுந்துவிட்டால் கரி போனாலும் பள்ளம் போகாது, எந்த ரப்பரும் அதை எடுக்காது.

ஆகவே நான் சொல்லிக்கொடுக்கும் முதல் மாற்றம், பார்ப்பவர் கவனிக்காத அளவுக்குச் சிறியது. பிடியை மாற்றாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். இப்போது முனையிலிருந்து 3 செ.மீ. தள்ளிப் பிடிக்கிறீர்கள் என்றால் அதே மூன்று விரலோடு 8 செ.மீ.க்குப் பின்னால் போங்கள், பென்சிலின் நடுப்பகுதிக்கு. விரல் அரை அங்குலம் அசைந்தால் முனை ஓரங்குலத்துக்கு மேல் ஓடும். அழுத்த நினைத்தாலும் கைக்கு வலு போதாது. கோடு தானாக மெலிந்து வெளுக்கும், தொடக்கத்தில் போடும் அடையாளக் கோட்டுக்கு அதுதான் வேண்டும். கையின் ஓரம் தாளை விட்டு எழும்பிவிடும், முழங்கை வேலைக்கு வரும். இந்த ஒன்றைச் செய்தாலே நான் பார்த்தவர்களில் பலருக்கு ஒரே வாரத்தில் கோடு மாறியிருக்கிறது. கட்டைப் பென்சிலில் இது நடக்காது. ஏழெட்டு செ.மீ.க்குக் கீழே தேய்ந்துவிட்டால் உலோகப் பிடியில் செருகிக்கொள்ளுங்கள், அல்லது நுணுக்க வேலைக்கென்று ஒதுக்கிவையுங்கள்.

இனி நீங்கள் மாட்டிக்கொண்ட பிடி. வகுப்பில் இதைக் கவிழ்த்த பிடி என்பேன். பென்சில் மேசையில் கிடக்கும்போது அதைக் கவிழ்ந்த கையால் அப்படியே அள்ளி எடுங்கள். கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்களின் நுனி எதிர்ப்பக்கம், பென்சிலின் பின்பாதி உள்ளங்கைக்கு அடியில். அவ்வளவுதான் பிடி. ஆள்காட்டி விரல் பென்சிலின் முதுகில் லேசாகப் படிந்திருக்கலாம். கத்தியைப் பிடிப்பதுபோல முஷ்டி மடக்கிப் பிடிப்பதுதான் பலரும் செய்யும் பிழை. யாராவது வந்து பென்சிலை இழுத்தால் எதிர்ப்பில்லாமல் உருவி வரவேண்டும், அந்த அளவு தளர்வு. இந்தப் பிடியில் முனை தாளில் குத்துவதில்லை, ஈயத்தின் பக்கவாட்டுதான் படுகிறது. மணிக்கட்டைக் கொஞ்சம் எழுப்பினால் மெல்லிய கோடு, தாழ்த்தினால் விரல் அகலப் பட்டை. ஒரே இழுப்பில் மெலிந்து தொடங்கித் தடித்து மறுபடி மெலியும் கோடு இதில்தான் இயல்பாக வரும். பெரிய நிழற்பகுதிகளை நிரப்பவும் இதற்கு ஈடு இல்லை.

ஆனால் இந்தப் பிடிக்குத் தேவையான இரண்டு விஷயங்களைக் காணொளிக்காரர் உங்களிடம் சொல்லாமல் விட்டிருப்பார் என்று நினைக்கிறேன். ஒன்று, ஈயம் நீளமாக வெளியே தெரியவேண்டும். ஷார்ப்னரில் சீவினால் சுமார் அரை செ.மீ. தெரியும், பக்கவாட்டில் சாய்த்தால் மரம்தான் தாளை உரசும். பிளேடால் மரத்தைச் சாய்வாக இழைத்து, ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. ஈயத்தை வெளியே எடுத்து, உப்புத்தாளில் உருட்டித் தேய்க்கவேண்டும். (ஈயம் என்பது வாய்ப்பழக்கம். உள்ளே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்ட குச்சி. அந்தக் கலவைக்கு 1795இல் பிரான்சில் கோன்டே என்பவர் காப்புரிமை பெற்றார். களிமண் குறைந்து கிராஃபைட் கூடக்கூட மென்மை கூடும்.) சாதாரண ஹெச்பி பென்சிலில் இந்தப் பிடி சாம்பல் பூசியதுபோலச் சோகமாக வரும். அதைவிட மென்மையான 4பி அல்லது 6பி எடுங்கள்.

இரண்டாவது, தாள் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கவேண்டும். கவிழ்த்த பிடி, தாளை நிமிர்த்தி வைக்கும் ஓவியச் சட்டத்தின் (easel) முன்னால் நின்று வரைபவரின் பிடி. எதிரே நிற்கும் தாளில் கையை நீட்டினால் பென்சில் தானாகப் பக்கவாட்டில் படும், மணிக்கட்டு நேராக இருக்கும். அதையே தட்டையான மேசையில் உட்கார்ந்து செய்தால் மணிக்கட்டை வளைத்து, முழங்கையைத் தூக்கி, தோளை இறுக்கவேண்டியிருக்கிறது. இறுகிய தோள் நடுங்கும். உங்கள் நடுக்கத்துக்கு இதுதான் முதல் காரணம் என்று சொல்வேன். அடுத்த காரணம் மெதுவாக இழுப்பது. ஊன்றாமல் தொங்கும் கையில் எல்லோருக்குமே சிறு நடுக்கம் உண்டு, வேகம் குறைந்தால் அது கோட்டில் பதியும். சைக்கிளை மிக மெதுவாக ஓட்டிப் பார்த்தவருக்கு இது தெரியும். தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் புள்ளியாக வைத்து, முனை தாளில் படாமல் இரண்டு மூன்று தடவை காற்றில் வீசிப் பார்த்து, அப்படியே இறக்கி ஒரே மூச்சில் போடுங்கள். கண் பென்சிலைப் பின்தொடரக் கூடாது, போய்ச் சேரும் புள்ளியில் நிற்கவேண்டும். கோடு தவறான இடத்தில் விழுந்தால் விழட்டும், பக்கத்தில் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்.

இப்போது அந்த மேசைக்கு வருகிறேன். உங்கள் கண் மேசைக்கு 40 செ.மீ. உயரத்தில், தாளின் கீழ்விளிம்பிலிருந்து 10 செ.மீ. பின்னால் இருக்கிறது என்று வையுங்கள். 42 செ.மீ. நீளமுள்ள ஏ3 தாளின் கீழ்ப்பாதி உங்கள் பார்வையில் 24 டிகிரியை அடைக்கும், மேல்பாதி 15 டிகிரியைத்தான் அடைக்கும். இரண்டும் ஒரே நீளம்தான், ஆனால் மேல்பாதி உங்களுக்குக் குறுகித் தெரிகிறது. அதை ஈடுகட்டக் கை தானாக மேல்பகுதியைப் பெரிதாக வரைகிறது. வரைந்தபோது சரியாக இருந்த முகம், சுவரில் சாய்த்துப் பார்த்தால் நெற்றி நீண்டு, தாடை சுருங்கிக் கிடக்கும். பிடி மாற்றிய பிறகு கோணல் கூடியதற்கு என் ஊகம்: கவிழ்த்த பிடிக்கு இடம் வேண்டுமென்று நாற்காலியைப் பின்னுக்கு இழுத்திருப்பீர்கள், பார்வை இன்னும் சாய்ந்திருக்கும். இது ஊகம்தான், உங்கள் படத்தை நான் பார்க்கவில்லை. சோதித்துப் பார்ப்பது சுலபம். ஒரு கெட்டிப் பலகையில் தாளைக் கிளிப் போட்டு, பலகையின் கீழ்ப்பக்கத்தை மடியிலும் மேல்பக்கத்தை மேசை விளிம்பிலும் சாய்த்து, பார்வை தாளில் செங்குத்தாக விழும்படி வைத்து அதே முகத்தை மறுபடி வரையுங்கள். அப்போதும் கோணினால் குறை அளவெடுப்பதில் இருக்கிறது. அது கையின் பாடமே இல்லை, கண்ணின் பாடம்.

மற்றப் பிடிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மல்லாத்திய பிடி: உள்ளங்கை மேல்நோக்கி இருக்க, பென்சில் விரல்களின் மேல் கிடக்கும், கட்டைவிரல் லேசாக அணைத்திருக்கும். அழுத்தவே முடியாது, அதுதான் அதன் பயன். இரண்டு நிமிட அவசரச் சித்திரங்களுக்கு எனக்குப் பிடித்தது. பென்சிலின் கடைசி நுனியை இரண்டு விரலால் கிள்ளிப் பிடிப்பது இன்னும் கட்டுப்பாடு குறைந்தது. மரக்கிளை, புல், தாடி மயிர் இவற்றின் ஒழுங்கின்மை அதில் அழகாக வரும். கட்டுப்பாட்டை வேண்டுமென்றே விட்டுக்கொடுப்பதை விளையாட்டு என்று நினைக்கவேண்டாம். பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி மத்தீஸ் 1931இல் ஒரு பெரிய சுவர்ச்சித்திரத்துக்கு, நீண்ட மூங்கில் கழியின் நுனியில் கரித்துண்டைக் கட்டி, தூர நின்று வரைந்தார். புகைப்படம் இருக்கிறது. அந்தக் கழி அளவுக்கு விரலையும் மணிக்கட்டையும் வேலையிலிருந்து நீக்கிய பிடி வேறில்லை.

எந்தப் பிடியிலும் சுண்டுவிரலை மறக்காதீர்கள். கையைத் தூக்கிய நிலையில் சுண்டுவிரலின் நகப்பக்கத்தை மட்டும் தாளில் தொடவிட்டு, அதைச் சறுக்குக்கால்போல ஓடவிட்டால் நடுக்கம் பாதியாகும், கரியும் கலையாது. ஊன்றவே கூடாது என்கிற விதியெல்லாம் எனக்கு உடன்பாடில்லை. ஓவியர்கள் கை ஊன்றுவதற்கென்றே ஒரு கோலைப் பல நூற்றாண்டுகளாக வைத்திருந்திருக்கிறார்கள்.

இனி, நிச்சயமில்லாதவை. பழைய மேதைகள் எல்லோரும் கவிழ்த்துத்தான் பிடித்தார்கள் என்பதை நான் நம்பத் தயாராக இல்லை. கோட்டைப் பார்த்து வேகத்தை, திசையை, அழுத்தத்தை ஓரளவு சொல்லலாம். விரல் எங்கே இருந்தது என்று சொல்லமுடியாது. தோளால் வரைந்தால் மூளையின் கற்பனைப் பகுதி திறக்கும் என்பதற்கும் நம்பத்தகுந்த ஆதாரம் எதையும் நான் கண்டதில்லை. எழுதும் பிடியிலேயே மூன்றுவிரல் பிடிதான் சரி, நான்குவிரல் பிடி தவறு என்ற பேச்சும் ஆட்டம் கண்டுவிட்டது. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 120 பேரை வைத்துச் செய்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், வழக்கமான நான்கு பிடிகளுக்கிடையே எழுத்தின் வேகத்திலும் தெளிவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அது கையெழுத்து பற்றியது. ஓவியத்துக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் உங்கள் விரல் அமைப்பைப் பார்த்து யாராவது உதட்டைப் பிதுக்கினால் பொருட்படுத்தவேண்டாம்.

எனக்கு இதில் கொஞ்சம் சூடு பட்ட அனுபவம் உண்டு. நான் படித்தபோது ஓர் ஆசிரியர், எழுதும் பிடியைக் கண்டால் பென்சிலைப் பிடுங்கி மேசையில் வைத்துவிடுவார். பயத்தில் ஒரு வருடம் முழுக்க, கண்ணின் கருமணி உட்பட, எல்லாவற்றையும் கவிழ்த்த பிடியிலேயே வரைந்தேன். பெரிய கோடுகள் நன்றாக வந்தன, அதற்கு இன்றும் அவருக்குக் கடன்பட்டவன். ஆனால் நுணுக்கம் வேண்டிய இடத்திலெல்லாம் மழுங்கி, நான் வரைந்த முகங்கள் அனைத்தும் தூக்கக் கலக்கத்தில் இருந்தன. பிறகு தனியாக உட்கார்ந்து பழைய பிடியை மீட்கவேண்டியிருந்தது. ஒரே படத்துக்குள் பிடி மூன்று நான்கு முறை மாறலாம், மாறவேண்டும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அந்த வருடம் மிஞ்சியிருக்கும்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். பலகையைச் சாய்த்துவையுங்கள். உருவத்தின் மொத்த வடிவத்தைக் கவிழ்த்தோ மல்லாத்தியோ, தோளிலிருந்து, வெளிறிய கோட்டில் போடுங்கள். உறுப்புகளின் இடம் குறிக்கும்போது பின்தள்ளிய பிடிக்கு வாருங்கள். கண், மூக்குத் துளை, உதட்டின் மூலை என்று இறங்கும்போது முனைக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுவந்து, கையை ஊன்றி, கூச்சமே இல்லாமல் எழுதும் பிடியில் வரையுங்கள். தினமும் வரையத் தொடங்குமுன் பழைய செய்தித்தாளில் பத்து நிமிடம் தோளிலிருந்து வட்டமும் நீள்வட்டமும் நேர்கோடுமாகப் போடுங்கள். சலிப்பான வேலைதான். எத்தனை நாளில் நடுக்கம் போகும் என்று கேட்டால், என் மாணவர்களில் சிலருக்கு இரண்டு வாரம், சிலருக்கு மூன்று மாதம் ஆகியிருக்கிறது. யாருக்கு எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வலி பற்றி: நடுவிரல் ஓரத்தில் காய்ப்பு ஏறுவது சாதாரணம். கட்டைவிரலின் அடியில் வலித்தால் பெரும்பாலும் இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்று பொருள். பென்சிலைச் சுற்றி ரப்பர் உறை போட்டுத் தடிமனாக்கினால் இறுக்கம் குறையும். ஆனால் விரல் மரத்துப்போவது, இரவில் கையில் ஊசி குத்துவதுபோல இருப்பது, பிடித்த பொருள் நழுவுவது இதெல்லாம் பிடியை மாற்றிச் சரிசெய்கிற காரியம் இல்லை, மருத்துவரிடம் போங்கள்.

கடைசியாக உங்கள் இடது கை. மேலே சொன்ன எல்லாம் அப்படியே உங்களுக்கும் பொருந்தும், இடவலம் மட்டும் மாறும். வலக்கைக்காரரின் இழைகோடு இயல்பாகக் கீழ் இடமிருந்து மேல் வலமாகச் சாயும். உங்களுடையது மேல் இடமிருந்து கீழ் வலமாகச் சாயும். லியோனார்டோ டாவின்சியின் வரைபடங்களில் நிழற்கோடுகள் இந்தத் திசையில்தான் ஓடுகின்றன, அவர் இடக்கைக்காரர் என்பதற்கு அறிஞர்கள் காட்டும் சான்றுகளில் அதுவும் ஒன்று. அதனால் காணொளியில் வருபவரின் சாய்வை நகலெடுக்க மணிக்கட்டை முறுக்காதீர்கள், உங்கள் சாய்விலேயே போடுங்கள். வேறு திசை தேவைப்பட்டால் தாளைத் திருப்புங்கள். நிழலை வலது மேல்மூலையில் தொடங்கி இடது கீழ்மூலைக்கு வந்தால் கை கரியைக் கலைக்காது. விளக்கு வலப்பக்கம் இருக்கட்டும், பார்த்து வரையும் பொருளும் வலப்பக்கமே இருக்கட்டும், இல்லாவிட்டால் உங்கள் கையே அதை மறைக்கும். கைப்பிடியைக் காணொளி பார்த்துத்தான் பழகவேண்டும் என்றால் கைப்பேசியை ஒரு கண்ணாடிக்கு எதிரே வைத்து, கண்ணாடியில் தெரிவதைப் பாருங்கள். அதில் அவருக்கும் இடது கைதான்.